தம்பிக்கு 20 மாதத் தண்டனை: அப்பீலால் என்ன ஆகும், என்ன ஆகாது

டொராண்டோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை அவருடைய அனுமதியோடு மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அவருடைய தம்பி கிளிநொச்சிக்காரர். 2012இல் அமெரிக்கா போய் அகதி அந்தஸ்து கேட்டு மனுப் போட்டார். மேரிலாந்தில் ஒரு காஸ் ஸ்டேஷனில் வேலை. 2016இல் வேலையிடத்தில் ஒரு கைகலப்பு. 2017இல் இரண்டாம் நிலைத் தாக்குதல் என்று வழக்கு முடிந்து, இரண்டு வருடச் சிறை, அதில் 6 மாதம் மட்டும் உள்ளே இருக்க வேண்டும், மீதி 18 மாதம் நிறுத்திவைப்பு என்று தீர்ப்பு வந்தது. 2018இல் குடிவரவு நீதிபதி, சொன்ன விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அகதி மனுவை நிராகரித்தார். அதற்கு மேல் முறையிடவில்லை. 2019 தொடக்கத்தில் கொழும்புக்கு நாடுகடத்தினார்கள். ஊருக்குப் போன பிறகு சிஐடி என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். 2025இல் பிரேசில், மெக்சிகோ வழியாக வந்து, டெக்சஸ் எல்லையில் ஆற்றைக் கடந்த அன்றே பிடிபட்டார். நாடுகடத்தப்பட்டவர் அனுமதியில்லாமல் திரும்பி நுழைந்த குற்றத்துக்கு வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏழு மாதம் காவலில் இருந்த பிறகு 20 மாதத் தண்டனை.

"அரசாங்கம் தந்த வக்கீல், குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால் அப்பீலில் பிரயோசனம் இல்லை என்கிறார். அப்பீல் போட்டால் தண்டனை கூடும் என்று உள்ளே இருப்பவர்கள் பயப்படுத்துகிறார்கள். இங்கே ஒருவர் பதினைந்தாயிரம் டொலர் தந்தால் பழைய நாடுகடத்தல் உத்தரவையே உடைத்து ஆளை வெளியே எடுத்துத் தருவேன் என்கிறார். நான் வீட்டை அடகு வைக்கவும் தயார். அவன் திரும்பிப் போனால் உயிரோடு இருப்பானோ தெரியாது" என்று எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதம் தீர்ப்புச் சொல்லி 12ஆம் நாள் என் கையில் கிடைத்தது. நாள் கணக்கு யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் அன்று இரவே சுருக்கமாகப் பதில் அனுப்பினேன். தம்பி வக்கீலிடம் எழுத்தில் கேட்டு, அப்பீல் அறிவிப்பு தாக்கலாகிவிட்டது என்று நேற்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பெரிய நிம்மதி. வழக்குக் கோப்பு முழுவதையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதையும் தம்பி தொலைபேசியில் சொன்ன எண்களையும் வைத்தே பேசுகிறேன். அந்த எண்களே நிறையச் சொல்கின்றன.

14 நாள் என்றால் எந்த நாளிலிருந்து?

இது உங்களுக்கு முடிந்துபோன வேலை. ஆனால் இதே நிலையில் இன்னும் பல குடும்பங்கள் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பெடரல் நீதிமன்றத்தில் குற்றவழக்குத் தண்டனைக்கு அப்பீல் அறிவிப்பு கொடுக்க 14 நாள்தான். நீதிபதி வாயால் தண்டனை சொன்ன நாளிலிருந்து எண்ணக்கூடாது; எழுத்துத் தீர்ப்பு நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டுக்கும் இடையில் சில நாள் இடைவெளி இருப்பது வழக்கம். தவறவிட்டால், தகுந்த காரணம் காட்டி மேலும் 30 நாள் வரை அவகாசம் கேட்கலாம். அதுவும் போனால் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு என்பது ஒரே ஒரு பக்கக் காகிதம். பெயர், வழக்கு எண், எந்த நீதிமன்றத்தின் எந்தத் தேதித் தீர்ப்பு, எந்த அப்பீல் நீதிமன்றத்துக்குப் போகிறது, கையெழுத்து. அவ்வளவுதான். காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை. வக்கீல் கைகொடுக்காவிட்டால் கைதியே எழுதி, சிறையின் சட்டத் தபால் முறையில் கடைசி நாளுக்குள் ஒப்படைத்து, எந்தத் தேதியில் ஒப்படைத்தேன், தபால் செலவு கட்டியாயிற்று என்று ஓர் உறுதிமொழியும் சேர்த்தால், ஒப்படைத்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கணக்காகும். தபால் நீதிமன்றத்துக்கு ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை.

"ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது" என்று வக்கீல் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கும் தண்டனையின் அளவை எதிர்த்து அப்பீல் செய்யச் சட்டத்தில் உரிமை உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அரசுத் தரப்போடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் சிக்கல். எல்லையோர நீதிமன்றங்களில் இந்தவகை வழக்கில் பலர் எந்த ஒப்பந்தமும் இல்லாமல்தான் ஒப்புக்கொள்கிறார்கள். உங்கள் தம்பியும் அப்படித்தான் என்று இப்போது உறுதியாகிவிட்டது; அவர் கையெழுத்துப் போட்டது நீதிமன்றம் கொடுத்த உரிமை விளக்கப் படிவத்தில் மட்டும். அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்திருந்தாலும், கட்சிக்காரர் கேட்ட பிறகு வக்கீல் அறிவிப்பைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார்ஸா வழக்கில் சொல்லிவிட்டது.

ஒரு வாய்ப்பு மட்டும் நம் கையைவிட்டுப் போனது. கூட்டல் கழித்தல் போன்ற தெளிவான பிழையை அதே நீதிபதியே 14 நாளுக்குள் திருத்தலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த 14 நாள் வாயால் தண்டனை சொன்ன நாளிலிருந்து ஓடும். மனுப் போட்டால் மட்டும் போதாது, நீதிபதி உத்தரவும் அதற்குள் வந்துவிட வேண்டும். உங்கள் கடிதம் கிடைத்தபோது மிஞ்சியது இரண்டு நாள். முயன்றும் முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் முன்பு தெரிந்திருந்தால் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

எட்டா, நாலா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி தொலைபேசியில் சொல்லி நீங்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து அனுப்பிய நான்கு எண்கள்: 8, 8, 3, 13. நீங்கள் "இது என்ன கணக்கு என்று விளங்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தம்பியின் 20 மாதமும் அந்தத் துண்டுக் காகிதத்துக்குள்தான் இருக்கிறது.

இந்தக் குற்றத்துக்குச் சட்டம் மூன்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. முன்குற்றம் இல்லாதவருக்கு 2 வருடம். நாடுகடத்தப்படும் முன் பெரிய குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றவருக்கு 10 வருடம். அந்தக் குற்றம் 'கொடுங்குற்றம்' என்று குடிவரவுச் சட்டம் வகைப்படுத்தியதாக இருந்தால் 20 வருடம். ஆனால் உச்சவரம்பு வேறு, நடைமுறையில் கிடைக்கும் தண்டனை வேறு. நடைமுறைக்கு ஒரு வழிகாட்டி அட்டவணை இருக்கிறது. 2005 முதல் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எல்லா நீதிபதியும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், அந்தத் தொடக்கம் சரியாக இருக்க வேண்டும்.

இந்தக் குற்றத்துக்குத் தொடக்கப் புள்ளி 8. பழைய குற்றத்துக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் மேலும் 8 கூட்ட வேண்டும். ஒரு வருடம் ஒரு மாதத்துக்கு மேல் என்றால் 6. அதற்கும் குறைந்த தண்டனை பெற்ற பெரிய குற்றம் என்றால் 4. தண்டனைக்கு முன் நீதிபதிக்காக ப்ரொபேஷன் அதிகாரி எழுதிய அறிக்கையில், 2017 தீர்ப்பில் "இரண்டு வருடம்" என்று இருப்பதைப் பார்த்து 8 கூட்டியிருக்கிறார். 16 ஆனது. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு 3 கழிந்து 13. முன்குற்றங்களை வைத்து ஆட்களைப் பிரிக்கும் கணக்கில், பழைய வழக்கால் தம்பி இரண்டாம் பிரிவில் வருகிறார். அட்டவணையில் 13க்கும் இரண்டாம் பிரிவுக்கும் நேரே 15 முதல் 21 மாதம். நீதிபதி 20 கொடுத்தார்.

பிழை எங்கே என்றால், இந்த அட்டவணையின் கணக்கில் நிறுத்திவைத்த பகுதியைச் சேர்க்கக்கூடாது. இரண்டு வருடத்தில் 18 மாதம் நிறுத்திவைப்பு என்றால் தண்டனை 6 மாதம்தான். அப்படியானால் கூட்ட வேண்டியது 4. எட்டும் நாலும் பன்னிரண்டு. அந்த அளவில் ஒப்புக்கொண்டதற்கு 2தான் கழியும்; மூன்றாவது புள்ளி 16ஐத் தொட்டவர்களுக்கு மட்டும். மிச்சம் 10. முன்குற்றப் பிரிவு மாறாது, இரண்டாம் பிரிவேதான். அட்டவணையில் 8 முதல் 14 மாதம். தம்பிக்குக் கிடைத்த 20 மாதம், சரியான வரம்பின் உச்சியைவிட ஆறு மாதம் அதிகம்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு கேள்வியில் நிற்கிறது. 2017க்குப் பிறகு தம்பி ப்ரொபேஷனை, அதாவது நிறுத்திவைப்போடு வரும் கண்காணிப்பு நிபந்தனைகளை, மீறியதாகச் சொல்லி, நிறுத்திவைத்த 18 மாதத்தில் எதையாவது மறுபடி அனுபவிக்க வைத்தார்களா? வைத்திருந்தால் அந்தக் காலமும் சேரும். என் கணக்கு விழுந்துவிடும். இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேரிலாந்து நீதிமன்றத்திலிருந்து அந்த வழக்கின் பதிவேட்டு நகலை எடுத்து அப்பீல் வக்கீலிடம் கொடுங்கள். வாய்வார்த்தை போதாது.

நீங்கள் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: மேரிலாந்தில் அதைச் சின்னக் குற்றம் என்றுதானே சொன்னார்கள், இப்போது எப்படிப் பெரிய குற்றம் ஆனது? மாநிலம் வைத்த பெயரை இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை கொடுக்கக்கூடிய குற்றமா என்று மட்டும் பார்க்கும். மேரிலாந்தின் இரண்டாம் நிலைத் தாக்குதலுக்குப் பத்து வருடம் வரை கொடுக்கலாம். ஆகவே அந்த வாதம் எடுபடாது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் தீர்ப்பில் 20 வருட உச்சவரம்புள்ள உட்பிரிவைக் குறிப்பிட்டிருப்பதை விடக்கூடாது. இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. அட்டவணை நிறுத்திவைத்த காலத்தைத் தள்ளிவிடும். குடிவரவுச் சட்டமோ அதையும் சேர்த்தே எண்ணும். அந்தச் சட்டத்தின் கண்ணில் தம்பியின் தண்டனை இரண்டு வருடம்தான். ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற 'வன்முறைக் குற்றம்' கொடுங்குற்றமாகிவிடும். அப்படியானால் மேரிலாந்தின் இரண்டாம் நிலைத் தாக்குதல் வன்முறைக் குற்றமா? அந்தச் சட்டப்பிரிவில் காயமே இல்லாத, விரும்பத்தகாத தொடுகைகூட அடங்கும். அதனால் அது எல்லாச் சமயத்திலும் வன்முறைக் குற்றமாகாது என்று 2013இல் மேரிலாந்து அடங்கிய பகுதிக்கான நான்காம் வட்ட அப்பீல் நீதிமன்றம் ஆயுதச் சட்ட வழக்கொன்றில் சொன்னது. உங்கள் அப்பீலைக் கேட்கப்போவது நியூ ஆர்லியன்ஸில் உள்ள ஐந்தாம் வட்ட நீதிமன்றம். இப்படித் தவறாகக் குறிப்பிட்ட தீர்ப்புகளைத் திருத்திக் கொடுத்த பழக்கம் அதற்கு உண்டு. மாதக் கணக்கில் ஒரு நாள்கூட இதனால் குறையாமல் போகலாம். ஆனால் 'கொடுங்குற்றவாளி' என்ற முத்திரை அடுத்துவரும் பாதுகாப்பு வழக்கிலும் கூடவே வரும். அதனால் கேட்டே ஆக வேண்டும்.

அப்பீலில் நடப்பது

அப்பீல் என்றால் வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்துவார்கள், நீங்கள் போய்ச் சாட்சி சொல்லலாம், கோயில் ஐயரும் பாதரும் கொடுத்த கடிதங்களைக் காட்டலாம் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. மூன்று நீதிபதிகள் கீழ்நீதிமன்றப் பதிவுகளைப் படிப்பார்கள். புதிய சாட்சியம் கிடையாது. பல வழக்குகள் வாய்வாதம்கூட இல்லாமல் எழுத்து மனுக்களை வைத்தே முடிந்துவிடும். தம்பியின் பிள்ளையைப் பற்றியும் அம்மாவின் நோயைப் பற்றியும் நீங்கள் எழுதியது என்னை உலுக்கியது; ஆனால் அப்பீல் நீதிபதிகள் பார்ப்பது கீழே சட்டப்பிழை நடந்ததா என்பதை. நடந்தது என்றால் வழக்கு திரும்பவும் அதே நீதிபதியிடம் போகும். மறுபடி தண்டனை சொல்லும் அந்த விசாரணையில்தான் இந்தக் கடிதங்களுக்கு இடம் உண்டு. பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரு தடை இருக்கிறது. தண்டனை சொன்ன அன்று வக்கீல் இந்த எட்டை எதிர்க்கவில்லை. எதிர்க்காத பிழையை அப்பீலில் எழுப்பினால், அது வெளிப்படையான பிழை, தண்டனையைப் பாதித்தது, திருத்தாமல் விட்டால் நீதிமன்றத்தின் பேரே கெடும் என்றெல்லாம் காட்ட வேண்டும். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இதே குற்றத்தில், இதே ஐந்தாம் வட்டத்திலிருந்து போன இரண்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. 2016இல் மொலினா மார்ட்டினெஸ் வழக்கில், தவறான வரம்பிலிருந்து தொடங்கியதே பெரும்பாலும் பாதிப்புக்குப் போதிய ஆதாரம் என்றது. 2018இல் ரொசாலெஸ் மிரெலெஸ் வழக்கில் ஒரு சின்ன வழக்கை இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள். 70 முதல் 87 மாதம் என்றிருக்க வேண்டியது 77 முதல் 96 ஆனது. கிடைத்தது 78 மாதம். அந்த 78 சரியான வரம்புக்குள்ளும்தான் அடங்கும். இருந்தும், இப்படிப்பட்ட எண்ணிக்கைப் பிழையைச் சாதாரணமாகத் திருத்தத்தான் வேண்டும் என்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. உங்கள் தம்பியின் 20 மாதம் சரியான வரம்புக்கு வெளியிலேயே நிற்கிறது. அவரிடம் இருப்பது அதைவிடப் பலமான வழக்கு என்று நான் நினைக்கிறேன்.

தண்டனை கூடும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். அரசுத் தரப்பு தானும் அப்பீல் செய்யாத வரை, அப்பீல் நீதிமன்றம் தண்டனையைத் தானாகக் கூட்ட முடியாது. 2008இல் கிரீன்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அப்பீல் செய்தவரைப் பழிவாங்குவதுபோல் கூட்டுவதற்கும் 1969இலேயே தடை வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் விஷயம் வேறு. தொலைபேசியில் பேசியவர் தமிழ்நாட்டுக்காரர், தம்பியின் பேச்சு அவருக்கும் அவர் பேச்சு தம்பிக்கும் பாதிதான் புரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்புகிறேன், பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வைத்து எதிர்க்க வேண்டியது தண்டனையை அல்ல, ஒப்புதல் வாக்குமூலத்தையே. அது ரத்தானால் முழு விசாரணைக்குப் போக வேண்டும். அங்கே அரசு நிரூபிக்க வேண்டியது கொஞ்சம்தான்: வெளிநாட்டவர், முன்பு நாடுகடத்தப்பட்டவர், அனுமதியில்லாமல் திரும்ப வந்தார். 2019இல் விமானம் ஏற்றியபோது எடுத்த படமும் விரல்ரேகையும் ஒட்டிய காகிதம் ஒன்று அவர்கள் கோப்பில் இருக்கும். அது போதும். ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த குறைப்பும் போய்விடும். இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

பதினைந்தாயிரம் டொலர்

தயவுசெய்து கொடுக்காதீர்கள். வீட்டுப் பத்திரத்தை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

பழைய நாடுகடத்தல் உத்தரவை இந்தக் குற்றவழக்கில் எதிர்க்கச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மூன்று நிபந்தனைகள்: அப்போது இருந்த முறையீட்டு வழிகளை எல்லாம் பயன்படுத்தியிருக்க வேண்டும், நீதிமன்றப் பரிசீலனை மறுக்கப்பட்டிருக்க வேண்டும், உத்தரவு அடிப்படையிலேயே அநியாயமாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஆகாது என்று 2021இல் பலோமார் சந்தியாகோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தம்பி 2018இல் முறையீடு செய்யவில்லை. போதாததற்கு இந்த வழக்கில் குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டார். இதை வைத்துப் பணம் கேட்பவர் அந்த இரண்டு விஷயத்தையும் உங்களிடம் கேட்டாரா?

அப்பீலுக்கு வசதியில்லாதவருக்கு வக்கீலை அரசே நியமிக்கும். அப்படி நியமனமானவருக்கு நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. அவர் கோப்பைப் படித்துவிட்டு, வாதாட ஒன்றுமில்லை என்று மனுப் போடவும் கூடும். அப்போது தம்பிக்குத் தன் பதிலை எழுதச் சந்தர்ப்பம் தருவார்கள். அந்த நிலை வராமலிருக்க, எட்டும் நாலும் பற்றிய கணக்கை இப்போதே ஒரு பக்கக் கடிதமாக எழுதி வக்கீலுக்கு அனுப்புங்கள். அந்தக் கணக்கு இருக்கும் ப்ரொபேஷன் அதிகாரியின் அறிக்கை மூடிமுத்திரையிட்டது. பெடரல் சிறையில் கைதி அதைக் கையில் வைத்திருக்கவும் விடமாட்டார்கள். அதனால் நகல் கேட்டுத் தம்பியை வற்புறுத்த வேண்டாம். வக்கீலால் பார்க்க முடியும்.

காலம் யார் பக்கம்?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட தண்டனைக்கு நன்னடத்தைக் கழிவு வருடத்துக்கு 54 நாள் வரை. 20 மாதத்துக்குச் சுமார் மூன்று மாதம். ஏழு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. மிச்சம் ஏறக்குறைய பத்து மாதம். அப்பீல் முடியவும் அதே அளவு காலம் ஆகிவிடலாம். தண்டனை முடிந்து நாட்டைவிட்டே அனுப்பிவிட்டால், இனித் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று அப்பீலைத் தள்ளவும் வாய்ப்பு உண்டு.

அதனால் அப்பீல் வக்கீலிடம் மூன்று விஷயம் கேளுங்கள். விரைந்து விசாரிக்கக் கோரும் மனுவை உடனே போட வேண்டும். பிழை இவ்வளவு வெளிப்படையாக இருப்பதால், அரசுத் தரப்பு வக்கீலிடம் பேசி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வழக்கைக் கீழே திருப்பி அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். நடப்பதுண்டு, நடந்தால் பல மாதம் மிச்சம். வழக்கு கீழே திரும்பிப் போனால், 12 மாதம் என்று கேட்காமல் 12 மாதமும் ஒரு நாளும் என்று கேட்க வேண்டும். அந்த ஒரு நாளில்தான் கழிவு இருக்கிறது: சரியாக 12 மாதம் என்றால் ஒரு நாள்கூடக் கழியாது, ஒரு நாள் கூடினால் 54 நாள்வரை குறையும்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த வரி. "அப்பீல் வென்றால் நேரே என்னிடம் வந்துவிடுவான்தானே?" இல்லை, சகோதரி. அப்பீல் வென்றால் சிறைவாசல் சீக்கிரம் திறக்கும். வாசலில் ஐஸ் எனப்படும் குடிவரவு அமலாக்கத் துறையின் அதிகாரிகள் நிற்பார்கள். 2018இல் போட்ட உத்தரவைத் தூசி தட்டி மறுபடி அமல்படுத்துவார்கள். அதற்குப் புதிய விசாரணை தேவையில்லை. அமெரிக்காவில் ஏற்கெனவே அகதி மனுப் போட்டவர் என்பதால், 2019 முதல் உள்ள சட்டப்படி கனடாவிலும் வழக்கமான அகதி விசாரணைக்கு வழியில்லை. அப்பீல் மாதங்களைப் பற்றியது. தம்பியின் உயிரைப் பற்றிய வழக்கு அதற்கு அப்புறம் இருக்கிறது. அதற்கான தயாரிப்பை இன்றே தொடங்க வேண்டும். உங்கள் கவலை முழுவதும் அப்பீலிலேயே போய்விட்டதால், அந்தப் பக்கம் இன்னும் யாரும் கைவைக்கவில்லை.

பயம் பற்றிய நேர்காணல்

பழைய உத்தரவு மறுபடி அமலாகும்போது அகதி அந்தஸ்து கேட்க முடியாது. ஆனால் திரும்பப் போகப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், ஓர் அதிகாரி நேர்காணல் செய்தே ஆக வேண்டும். அவர் நியாயமான பயம் என்று ஏற்றுக்கொண்டால் வழக்கு குடிவரவு நீதிபதியிடம் போகும். அங்கே இரண்டு பாதுகாப்பு கேட்கலாம். ஒன்று, இனம், அரசியல் கருத்து போன்ற காரணத்துக்காகத் துன்புறுத்தப்படும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்கிறது என்று காட்டி, அந்த நாட்டுக்கு அனுப்புவதைத் தடுப்பது. இதற்கு மேரிலாந்து வழக்கு குறுக்கே நிற்கக்கூடும். 'மிகக் கடுமையான குற்றம்' என்று அரசு வாதாடும். இரண்டாவது, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழ்ப் பாதுகாப்பு. அரசின் கையாலோ அதன் சம்மதத்தோடோ சித்திரவதை நடக்கும் என்று காட்ட வேண்டும். நிரூபிப்பது கடினம். ஆனால் எந்தக் குற்றப் பின்னணியும் இதன் கடைசிப் படியை அடைக்க முடியாது.

"ஒரு தமிழருக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்ததாமே" என்று கேட்டிருந்தீர்கள். 2020இல் வந்த துரைசிங்கம் வழக்கைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் அவர் தோற்றார். எல்லையில் பிடிபட்டவரின் பயம் பற்றிய முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழி அந்தத் தீர்ப்போடு மிகவும் சுருங்கிப்போனது. அதிகாரி மறுத்தால் குடிவரவு நீதிபதியிடம் மறுபரிசீலனை கேட்கும் உரிமை இருக்கிறது. "நீதிபதியிடம் போக விரும்புகிறேன்" என்று தம்பி வாய்திறந்து சொல்ல வேண்டும். நேர்காணலே முதலும் முடிவுமாக ஆகிவிடலாம் என்று எண்ணித் தயாராக வேண்டும்.

2018இல் தம்பி தோற்றது விவரங்கள் பொருந்தாததால். அந்தப் பழைய மனுவும் சாட்சியமும் அதிகாரியின் மேசையில் இருக்கும். ஆகவே முதல் வேலை அந்தக் கோப்பின் நகலை எடுப்பது. தகவல் கேட்கும் மனு மூலம் பெறலாம். நாளாகும், இப்போதே போடுங்கள். எங்கே எந்தத் தேதி மாறியது, ஏன் மாறியது என்று தம்பி நிதானமாக யோசித்து வைத்துக்கொள்ளட்டும். சிறைத் தொலைபேசியில் இதைப் பேச வேண்டாம், எல்லாம் பதிவாகும். வக்கீலோடு மட்டும்.

பிறகு ஊரிலிருந்து வர வேண்டியவை. 2019க்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் கொடுத்த அழைப்புச் சீட்டு ஏதாவது இருக்கிறதா? அம்மா அதை சாமிப்படத்துக்குப் பின்னால் மடித்து வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இந்த வழக்கில் மிகப் பெறுமதியான காகிதம். இரண்டு பக்கமும் படமெடுத்து இன்றே அனுப்பச் சொல்லுங்கள். மூலத்தை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்து அனுப்பலாம். வந்தவர்களைப் பார்த்த பக்கத்து வீட்டாரின் கடிதம், மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் எண், 2009க்குப் பிறகு தடுப்பில் இருந்திருந்தால் அதன் பதிவு, உடலில் தழும்பு இருந்தால் மருத்துவர் அறிக்கை. கிராம சேவகரின் கடிதம் நல்லதுதான், ஆனால் அதை எழுதிக் கொடுப்பதால் அவருக்கோ அம்மாவுக்கோ ஆபத்து வருமென்றால் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர வேண்டும்.

இன்னொரு புதிய ஆபத்து. இந்தப் பாதுகாப்பு ஒரு குறிப்பிட்ட நாட்டுக்கு அனுப்புவதை மட்டும்தான் தடுக்கும். இலங்கைக்கு அனுப்ப முடியாவிட்டால் மூன்றாவது நாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், அதற்குக் கீழ்நீதிமன்றம் போட்டிருந்த கட்டுப்பாட்டை நிறுத்திவைத்தது. வேறு ஏதாவது நாட்டின் பெயரைச் சொன்னால், அங்கே போகவும் பயம் இருந்தால் அதையும் உடனே சொல்ல வேண்டும் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கட்டும்.

எது நடந்தாலும் மூன்றாம் முறை எல்லையைக் கடக்கும் யோசனை மட்டும் வேண்டாம். இந்தத் தண்டனையே அடுத்த வழக்கில் மேலும் 4 புள்ளியாக ஏறும். விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்புக் காலமும் விதித்திருந்தால், அதை மீறியதற்குத் தனித் தண்டனை.

நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர் பேச்சு புரியாவிட்டால், "எனக்குப் புரியவில்லை, இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும்" என்று அப்போதே நிறுத்திச் சொல்ல வேண்டும். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் பிறகு வருந்துவது நம் ஆட்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. அடுத்த முறை தம்பி அழைக்கும்போது இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். மனப்பாடமாகும்வரை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மேரிலாந்துப் பதிவேட்டு நகல் கையில் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.